ஒன்பது மணிக்கு ஓய்வெடுத்த இதயம்

மல்சூன் அக்காவைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் அவள் கத்தியோடு வந்து நிற்பாள். வரட்டும். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இடது கைப்பக்கம் நின்று சிப்பி திறந்தவள் நான். எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

தோங்யோங் துறைக்குப் பக்கத்தில் எங்கள் சிப்பிக் கொட்டகை. நீளமான எவர்சில்வர் மேஜை, பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு இடங்கள். கடலிலிருந்து வந்த சிப்பியை ஆளுக்கொரு குவியலாகக் கொட்டிவிடுவார்கள். குட்டைக் கத்தியால் ஓட்டின் வாயைத் திறந்து, சதை கிழியாமல் எடுத்து வாளியில் போட்டு, ஓட்டைக் கீழே தள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு நின்றால் மாலை வரை நிற்பதுதான். அக்கா எங்களில் வேகமானவள் இல்லை. ஆனால் அவள் வாளியில் கிழிந்த சதை ஒன்றுகூட இருக்காது. ஜன்னலோரம் ஏழாவது இடம் அவளுடையது. குளிர்காற்று நேராக அடிக்கிற இடம் என்று யாருக்கும் பிடிக்காது, அவளுக்கு மட்டும் பிடிக்கும்.

மல்சூன் என்றால் கடைசிப் பெண் என்று அர்த்தம். மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறந்தவளுக்கு, இத்தோடு போதும் என்று அப்பா வைத்த பெயர். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். "எங்கப்பன் பேச்சை சாமியே கேக்கல, நான் கேக்கணுமாக்கும்" என்பாள். ஒன்பது வயதில் தீவில் இருந்தபோது அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து முட்டி இரண்டும் வீங்கிப் போனதாம். ஒரு மாதம் படுத்திருந்து எழுந்துவிட்டாள். காய்ச்சல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது நெஞ்சுக்குள்ளே இறங்கி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டிருந்தது ஐம்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நடுவில் அவள் வாழ்ந்த வாழ்க்கை எல்லோரும் வாழ்வதுதான். படகு இன்ஜின் மெக்கானிக் பான்சோக்கைக் கட்டிக்கொண்டாள். ஒரே பையன், உல்சானில் கப்பல் தளத்தில் வேலை. அவன் ஸ்கூல் முடித்த வருஷம் கொட்டகைக்கு வந்தாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருநாள் கத்தியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே என்னமோ துள்ளுதுடி யோங்நே. வாளியில மீன் கிடந்து துடிக்குற மாதிரி."

"வயசாயிடுச்சுக்கா. உருண்டை சாப்பிடு."

எங்கள் ஊரில் நெஞ்சு படபடத்தால் டாக்டருக்கு முன்னால் அந்த உருண்டைதான். பொன் தாள் சுற்றிய நாட்டு மருந்து. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் அதுதான், மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வருகிற மாமியாருக்கும் அதுதான். அக்கா அதை ஏழு வருஷம் மென்றாள். அடங்கவில்லை என்று சொன்னபோதெல்லாம் இரண்டாகச் சாப்பிடு என்று வைத்தியம் சொன்ன மகராசி நான்.

போன ஜனவரியில் அவள் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. பூசானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பியோன் என்ற டாக்டர், ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர், எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினார். வால்வு சுருங்கியதால் ரத்தம் மேலறையில் தேங்கி, அந்த அறை உப்பி, சரியாகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறது. நடுங்குகிற அறையில் ரத்தம் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும். ஆபரேஷன் செய்து வால்வையே மாற்ற வேண்டும் என்றார். அன்றைக்கே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"சிப்பிக் கொட்டகையில கத்தி வேலை."

"இந்த மாத்திரை சாப்பிடுற வரைக்கும் கத்தியைத் தொடக்கூடாது. சின்னக் கீறலும் நிக்காம கசியும். சிப்பி ஓட்டுக் கிழிசல்ல அழுக்கும் ஏறும், புது வால்வுக்கு அது ஆகவே ஆகாது."

எங்கள் கொட்டகை ஓக் முதலாளியும் அதையேதான் சொன்னார். யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டால் மேஜைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. வாளியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் அந்த வாளியே குப்பை.

ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா வீட்டில் ஒரு நாள் பெரிய சண்டை. எந்த வால்வு வைப்பது என்றுதான். உலோக வால்வு வைத்தால் ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் மாத்திரையும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். மாட்டுத் தோலில் செய்த வால்வு பன்னிரண்டு பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும், அப்புறம் மறுபடி நெஞ்சைத் தொட வேண்டியிருக்கும். அதோடு கூட ஒரு வேலையும் செய்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலறைச் சுவரில் கோடு கோடாக உறையவைத்துத் தழும்பு உண்டாக்குவாராம். வயலில் வரப்பு போட்டால் தண்ணீர் கண்ட இடத்தில் ஓடாமல் வாய்க்கால் வழியே போகும் அல்லவா, அப்படி நெஞ்சின் மின்சாரமும் ஒரே வழியில் போகுமாம். நடுக்கம் நின்றுவிட்டால், மாட்டுத் தோல் வால்வுக்காரர்களுக்கு மாத்திரையையும் நிறுத்தலாம். ஆனால் ஏழு வருஷ நடுக்கம், அறையும் பெரிதாகிவிட்டது. பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நம்பிக்கை சொன்னார்.

பான்சோக் அண்ணன் சோற்றுக் கிண்ணத்தைத் தட்டென்று வைத்தார்.

"இரும்பே வை. மாட்டுத் தோல் எத்தனை நாளைக்கு வரும்? நான் இன்ஜின் பாக்குறவன், எனக்குத் தெரியாதா?"

"உன் இன்ஜினுக்குப் பொழுதன்னிக்கும் எண்ணெய் மாத்துறியே, அப்போ ஒண்ணும் தெரியலையா?"

"மாத்திரையைச் சாப்பிட்டுட்டு வீட்டுல இரேன்டி. யாரு உன்னை வேலைக்குப் போகச் சொன்னா?"

"வீட்டுல இருந்து என்ன பண்ண? உன் மூஞ்சியைப் பாக்கவா?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அந்த மேஜையில நிக்கும்போதுதான்யா நான் ஒருத்தி இருக்கேன்னு எனக்கே தெரியுது. அதை எடுத்துட்டா பதினஞ்சு வருஷம் எதுக்கு? அம்பது வருஷம் எதுக்கு?"

அண்ணன் எழுந்துபோய் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார்.

ஏப்ரலில் ஆபரேஷன். ஆறு மணி நேரம். நான் அழவில்லை, அழுதால் அபசகுனம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிழைத்து வந்தாள். வால்வு நன்றாக உட்கார்ந்துவிட்டது. முதல் இரண்டு மாதம் நடுக்கம் வருவதும் போவதுமாக இருந்தது. அது சகஜம், தழும்பு ஆற வேண்டும் என்றார் டாக்டர். ஆறு மாதம் முடிந்ததும் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்வோம், சீராக இருந்தால் மாத்திரையை நிறுத்தலாம், நடுக்கம் இருந்தால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று சொல்லி அனுப்பினார். அக்கா அந்த ஆறு மாதத்தையும் காலண்டரில் தேதி தேதியாக அடித்து ஓட்டினாள்.

இங்கேதான் எங்கள் கொட்டகை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அக்டோபரில் சீசன் திறக்கிற அன்று எவள் எந்த இடத்தில் நிற்கிறாளோ, மே மாதம் வரை அந்த இடம் அவளுக்கு. அன்றைக்கு வராதவளுக்கு அந்த வருஷம் இடம் இல்லை. அறுபது தாண்டியவள் ஒரு வருஷம் விட்டுவிட்டால் மறுபடி கிடைக்கவே கிடைக்காது. நாற்பது வயசுக்காரிகள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள். அக்காவுக்கு அறுபத்து மூன்று.

பெட்டி கட்டுகிற நாளும் திறப்பு நாளும் ஒட்டிக்கொண்டு வந்தன. புதன்கிழமை மத்தியானம் பூசானில் கட்டிவிட்டார்கள், வியாழன் மத்தியானம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வியாழன் காலை திறப்பு. புதன் சாயங்காலம் நான்தான் போன் பண்ணினேன்.

"அக்கா, நாளைக்கு வரலேன்னா உன் இடம் போச்சு. முதலாளியோட மச்சினி கண்ணு வச்சிட்டா."

"நெஞ்சுல பெட்டி இருக்கேடி."

"பெட்டி நெஞ்சுலதானே இருக்கு? கையில இல்லையே?"

இந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

வந்துவிட்டாள். புருஷனிடம் என் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். முதலாளியிடம் மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது என்று ஒரு பொய். கையில் மூன்று கிளவுஸ், ஒன்றின் மேல் ஒன்றாக. ரப்பர் ஏப்ரனுக்கு உள்ளே பெட்டி, ஒயர்கள் எல்லாம் பிளாஸ்டர் போட்டு நெஞ்சில் ஒட்டியிருந்தன. ஏழாவது இடத்தில் போய் நின்று கத்தியை எடுத்தாள். ஒன்பது மாதம் கழித்து முதல் சிப்பியைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்திருக்க மாட்டாள். கீறல் படக்கூடாது என்று மெதுவாகத்தான் செய்தாள். அன்றைக்குப் பாதி நாள்தான் வேலை. பன்னிரண்டு மணிக்கு ஒரு கீறல் இல்லாமல் கத்தியைக் கழுவி வைத்தாள்.

பெட்டியோடு ஆஸ்பத்திரியில் ஒரு அட்டையும் கொடுத்திருந்தார்கள். எந்த மணிக்கு என்ன செய்தீர்கள், நடந்தீர்களா, தூங்கினீர்களா என்று அதில் எழுத வேண்டும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அக்கா எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'காலை 6 முதல் 12 வரை யோங்நே வீட்டில் படுத்திருந்தேன்.'

"காலங்காத்தால என் வீட்டுல வந்து எதுக்குக்கா படுக்கணும்? நம்புவாங்களா?"

"எழுதியாச்சு, விடு. கத்தி பிடிச்சேன்னு எழுதினா அந்த டாக்டர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை மறுபடி கத்தியைத் தொடமாட்டேன் என்று அக்காவே முடிவு செய்துகொண்டாள். முதலாளியிடம், பையன் வீட்டில் விசேஷம் என்று லீவு. ஆனால் குவியல் தேங்கினால் இடம் போய்விடும், அதுவும் எங்கள் வழக்கம்தான். அதனால் நாங்கள் பதினோரு பேரும் முறை போட்டு அவள் குவியலையும் கரைத்தோம்.

"ஏழாவது இடத்துல ஆளையே காணோம், குவியல் மட்டும் எப்படிக் குறையுது?" என்று முதலாளி கேட்டார்.

"ஜன்னலோரம் இல்லையா முதலாளி, காத்துல பறந்து போவுது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். கல் நெஞ்சுக்காரர் இல்லை, சும்மா அப்படி நடிப்பார்.

இரண்டு வாரம் கழித்து பூசானுக்கு நான்தான் கூடப் போனேன். அண்ணனுக்கு அன்று அவசரமாக ஒரு படகு வேலை. டாக்டர் பியோன் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நிமிரவே இல்லை.

"ராத்திரி முழுக்க நல்லா இருக்கும்மா. ஆனா காலையில ஆறு மணியில இருந்து மத்தியானம் வரைக்கும் நடுங்கியிருக்குன்னு மெஷின் சொல்லுது. அதுவும் நீங்க சும்மா படுத்திருக்கும்போது."

"ஆமாங்க" என்றாள் அக்கா.

"அப்போ மாத்திரையை நிறுத்த முடியாதும்மா."

"எத்தனை நாளைக்குங்க?"

"இனிமே எப்பவுமே."

அக்கா கைப்பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, இடுப்பு வரை குனிந்து கும்பிட்டாள்.

"ஆறு மணி நேரம் நின்னு செஞ்சு குடுத்தீங்க. நான் கெடுத்துட்டேன் டாக்டர். மன்னிச்சுக்குங்க."

"நீங்க என்னம்மா கெடுத்தீங்க? சிலருக்கு அப்படி ஆகும்."

மறுபடி குனிந்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு. வந்த விருந்தாளியை வழியனுப்பும்போது சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அரை நாள் வேலை செய்ததால்தான் நெஞ்சு கெட்டது என்று அவள் நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன் பண்ணிக் கூப்பிட்டவள் நான். எனக்குத் தாங்கவில்லை.

"டாக்டர், அவ படுத்திருக்கல!" என்று கத்திவிட்டேன். "அட்டையில எழுதினது பொய். கொட்டகையில நின்னு கத்தி வேலை செஞ்சா. நான்தான் கூப்பிட்டேன். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

"ஏடி, வாயை மூடு!" என்று அக்கா என் முழங்கையில் கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடத்தில் தழும்பு இருக்கிறது என்று சொல்லுவேன், பொய்தான்.

டாக்டர் கோபப்படுவார் என்று பார்த்தால், மனிதர் ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஒன்பது மணிக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒன்பது மணிக்கா?" என்று அக்கா விழித்தாள்.

"ஒன்பதுல இருந்து ஒன்பதே கால் வரைக்கும் நடுக்கமே இல்ல. சுத்தமா இருக்கு. அப்புறம் மறுபடி ஆரம்பிக்குது. இது எனக்குப் புரியாமத்தான் இருந்தது. உங்க நெஞ்சு ஒன்பது மணிக்கு எங்கம்மா போச்சு?"

"கிழங்கு தின்னப் போச்சு டாக்டர்" என்றேன் நான். "ஒன்பது மணிக்கு எங்களுக்கு அவிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கு குடுப்பாங்க. கால் மணி நேரம். கத்தியைக் கீழே வச்சிடுவோம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பக்கத்து அறையில் அக்காவை உட்காரவைத்து நெஞ்சில் ஒயர் கோர்த்த வில்லைகளை ஒட்டினார்கள். எதிரே திரையில் பச்சைக் கோடு ஓடியது. டாக்டர் தன் பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

"இதுதான் கத்தி. சிப்பி திறக்குற மாதிரி செய்யுங்க."

"சிப்பி எங்கே?"

"இருக்குன்னு நெனச்சுக்குங்கம்மா."

அக்கா இடது கையைச் சிப்பி பிடிக்கிற மாதிரி வளைத்து, பேனாவை உள்ளே விட்டு ஒரு திருகு, ஒரு இழுப்பு, கீழே ஒரு தள்ளு. மறுபடி. மறுபடி. இருபத்திரண்டு வருஷக் கை, வெறுங்கையிலும் அதே வேகம். திரையில் கோடு கன்னாபின்னாவென்று கிறுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

நிறுத்தினாள். கோடு அடங்கியது. உயரமான கொம்புகள் ஒரே இடைவெளியில் வரிசையாக வந்தன.

"செய்யுங்க." கிறுக்கல். "நிறுத்துங்க." வரிசை.

"ஆட்டுறது உங்க கைம்மா" என்றார் டாக்டர். "தோளும் மாரும் குலுங்குற குலுக்கல் ஒயர்ல ஏறியிருக்கு. மெஷின் அதை நடுக்கம்னு எழுதிடுச்சு. நீங்க படுத்திருந்தேன்னு எழுதினதால நானும் நம்பிட்டேன். நானும் கிட்ட வச்சுப் பாத்திருக்கணும். அட்டையில உண்மையை எழுதியிருந்தா ரெண்டு பேருக்கும் இந்தத் தண்டனை இல்ல."

அக்கா பேனாவை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ கெடலையா டாக்டர்?"

அவர் திரைக்குப் பக்கத்தில் போய்ச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினார். "ஒவ்வொரு கொம்புக்கும் முன்னால ஒரு சின்ன மேடு வருது, பாருங்க. இங்கே. இங்கேயும். இது உங்க மேலறை தானாத் துடிக்கறது. ஆபரேஷனுக்கு முன்னால எடுத்ததுல இது இல்லவே இல்ல. ஏழு வருஷமா இல்லாம இருந்திருக்கும்."

அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இத்துணூண்டா?"

"இத்துணூண்டுதான்."

"இதுக்காகவா ஆறு மணி நேரம் நின்னீங்க?"

"ஆமாம்மா. இதுக்குத்தான்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அக்கா அழவில்லை. அந்த மேடு வருவதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். நாற்பதைத் தாண்டியதும் நர்ஸ் வந்து வில்லைகளைக் கழற்றினாள்.

ஆனாலும் டாக்டர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தவில்லை. மறுபடி மூன்று நாள் பெட்டி கட்ட வேண்டும், கையை ஆட்டாமல் இருக்க வேண்டும், அட்டையில் பொய் எழுதக்கூடாது. இந்தத் தடவை பான்சோக் அண்ணனே காவல். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னபோது பத்து நிமிஷம் கத்தினார், பிறகு மூன்று நாளும் அவரே சமைத்தார். கடற்பாசி சூப்பில் உப்பே இல்லை என்று அக்கா எனக்கு போனில் புலம்பினாள்.

"ஆம்பளை கையால சாப்பாடு கிடைக்குதே, சந்தோஷமா இரேன்க்கா."

"சாப்பாட்டை விடு. கை அரிக்குதுடி. மடியில வச்சிக்கிட்டே உக்காந்திருக்கேன். டிவியில எவளோ வெங்காயம் நறுக்கினா, என் கையும் கூடவே போவுது. உங்கண்ணன் 'ஏய், கை!'ன்னு கத்துறாரு."

அட்டையை அண்ணனே எழுதினார். 'காலை 10: உட்கார்ந்திருந்தாள். 11: உட்கார்ந்திருந்தாள். 12: என்னைத் திட்டினாள்.' அதைப் படித்துவிட்டு டாக்டர் சிரித்தாராம். மூன்று நாளில் ஒரு நிமிஷம்கூட நடுக்கம் இல்லை. மாத்திரையை நிறுத்தினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டிப் பார்க்க வேண்டும், மாத்திரையின் வீரியம் உடம்பை விட்டுப் போக இரண்டு வாரம் கழித்துத்தான் கத்தி, அப்போதும் ஓடு கிழித்தால் உடனே கழுவிக் கட்ட வேண்டும் என்று சொன்னார். முதலாளியிடம் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தை அவளோடு நாங்களும் எண்ணினோம், ஏனென்றால் குவியல் எங்கள் தலையில்தானே.

நவம்பர் கடைசியில் வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் அழுதுவிடுவோம் என்று எல்லோருக்கும் பயம். முதலாளி சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "உங்க காத்து இன்னைக்கு வேலை செய்யுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஏழாவது இடத்தில் நின்றாள். பன்னிரண்டு கத்திகளும் ஓடின.

பத்து மணி இருக்கும். என் வலது பக்கம் 'ஸ்' என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கையிலிருந்த சிப்பியைத் தனியாகத் தள்ளிவிட்டு ஒரு கிளவுஸைக் கழற்றினாள், இரண்டாவதைக் கழற்றினாள், மூன்றாவதையும் கழற்றினாள். இடது கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு விரல்கடை நீளத்துக்குக் கோடு, அதில் ரத்தம். என் கத்தி நின்றது. எதிரில் இருந்தவள் கத்தி நின்றது. ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வரை எல்லாம் நின்றுவிட்டன. இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அந்தக் கொட்டகை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "என்ன ஆச்சு? ஏன் சத்தமே இல்ல?"

அக்கா குழாயடியில் விரலைக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் பதினோரு பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். ஒரு பொட்டு ரத்தம் மெல்ல மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள். என் வாயில் வராத சாமி பெயர் இல்லை. முதலாளியும் பேசாமல் எங்களோடு வந்து நின்றுவிட்டார்.

மறுபடி துணியை எடுத்தாள். கோடு இருந்தது. வேறு எதுவும் வரவில்லை. நாங்கள் இன்னும் காத்திருந்தோம். வரவில்லை.

"நின்னுடுச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அழாதவள், 'இனிமே எப்பவுமே' என்று டாக்டர் சொன்னபோது அழாதவள், அந்தக் கட்டைவிரலைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். நான் சிப்பிச் சேறு படிந்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். எதிர் வரிசையில் இருந்தவர்களும் அழுதார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு அழுத மாதிரி சந்தோஷமாக நான் எப்போதும் அழுததில்லை.

முதலில் அடங்கியவள் அவள்தான். தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விரலைத் தூக்கிப் பிடித்தபடி முதலாளி பக்கம் திரும்பினாள்.

"முதலாளி, ஒரு பிளாஸ்திரி குடுங்க" என்றாள். "சின்னதா இருந்தாப் போதும்."